சாம்பமலைச் சபையில் பொருட்கள் கனத்த காலம்

மழை பிடித்தால் விட மறந்துபோகும் ஒரு மலையில், தேயிலைக்கு நடுவே, தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. எஸ்டேட்டுக்குச் சாம்பமலை என்று பெயர். சபையாக மொத்தம் இருபது குடும்பங்கள்கூட இல்லை, மாதத்துக்கு ஒருமுறை ஆயர் ஜீப்பில் ஏறி வந்து திருவிருந்து கொடுத்துவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓடுவார், மற்ற ஞாயிறுகளில் பாக்கியநாதன் உபதேசியாரே வாசித்து, அவரே பிரசங்கம் செய்து, அவரே ஆர்மோனியமும் வாசிப்பார். அந்தக் கோயிலில், ஆனி மாத மழைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பொருட்கள் எல்லாம் கனத்துப்போயின.

முதலில் அதைக் கண்டவள் தபித்தாள். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த சில மழைக்குள்ளேயே புருஷனை முறிந்து விழுந்த சவுக்கு மரத்துக்குப் பறிகொடுத்து, அவன் வேலையைத் தன் பெயருக்கு வாங்கி, அன்றிலிருந்து கொழுந்து பறித்து வாழ்கிறவள், பிள்ளை இல்லை. பீடத்துணியைத் துவைப்பது, திருவிருந்துக் கிண்ணத்தைத் துலக்குவது, மெழுகுவர்த்தித் தண்டுகளில் வழிந்த மெழுகைச் சுரண்டுவது எல்லாம் அவள் பொறுப்பு, அந்தப் பொறுப்பை அவள் யாரோடும் பங்கு போட்டதில்லை, அதிலும் பிள்ளைகள் பீடத்துப் பக்கம் வந்தால் அவள் பார்வை ஒன்றே அவர்களை வாசல்வரை துரத்திவிடும். அன்றைக்குத் தண்டைத் துடைக்க எடுக்கப் போனாள், அது வரவில்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துச் சேலை முந்தானையைச் சுற்றி இழுத்தாள், அது பாறையைப் போல இருந்தது. கிண்ணம் வரவில்லை. காணிக்கைப் பை ஆணியிலிருந்து கழலவில்லை. மூலையில் சாத்தியிருந்த விளக்குமாறு, சுவரோடு சுவராக வளர்ந்ததுபோல நின்றது.

உபதேசியார் வந்து இழுத்துப் பார்த்தார். சபைச் செயலாளரும் தோட்டத்துச் சூப்பர்வைசருமான சகரியா வந்து, மழைக்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு காலையும் அகட்டி நின்று இழுத்துப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததே தவிரத் தண்டு அசையவில்லை.

பெரியவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்த நேரம், டிராக்டர் ஓட்டும் எலியேசரின் மகள் கெத்சி, யாரும் கவனிக்கவில்லை என்ற தைரியத்தில் பீடத்துக்கு ஏறி இன்னொரு தண்டைப் பிடித்து உருவினாள். அவளுக்கும் அது வரவில்லை. "கைய எடு, கீழ போட்டு உடைக்கப்போற" என்று தபித்தாள் ஓடிவந்து, தண்டைக் காப்பாற்ற அதே தண்டைப் பிடித்தாள். தண்டு காய்ந்த இலைபோல மேலே எழும்பியது. இருவரும் பிடித்தபடியே நின்றார்கள், கெத்சி சிரித்தாள், தபித்தாள் சிரிக்கவில்லை. கெத்சி கையை எடுத்ததும் தண்டு தபித்தாளின் கையை இழுத்துக்கொண்டு பீடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்படித்தான் சட்டம் தெரிந்தது. பெரியவர்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் ஆகாது, பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தாலும் ஆகாது. ஒரு பெரிய கையும் ஒரு சின்னக் கையும் ஒன்றாகப் பிடித்தால் மட்டும் பொருள் எழும்பும். வெளியிலிருந்து கொண்டுவரும் குடையும் கைப்பையும் கனக்கவில்லை, கோயிலுக்கென்று ஆனவை மட்டுமே கனத்தன. சகரியா டவுனுக்குப் போய்ப் புது விளக்குமாறு வாங்கி வந்தார், அது ஒரே ஒருமுறை கோயில் தரையைக் கூட்டியது, மறுநாள் அதுவும் பழையதன் பக்கத்தில் போய்ச் சாய்ந்து பாறையாகிவிட்டது.

யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. யானை வந்து ரேஷன் கடையின் கதவைப் பெயர்த்து அரிசியைத் தின்றுவிட்டுப் போகும் ஊரில், அட்டை இரத்தம் குடித்த காலோடு பிள்ளைகள் பரீட்சை எழுதும் ஊரில், ஒரு விளக்குமாறு கனப்பது இன்னுமொரு காரியம், அவ்வளவுதான். எஸ்டேட் மேனேஜர் இதனால் கொழுந்து எடை கூடுமா என்று மட்டும் கேட்டார். லைன் பார்க்க வந்த மின்சாரக்காரர் ஒயரிங்கைச் சோதித்துவிட்டுத் தன் துறையில் கோளாறு இல்லை என்றார். ஆயர் மாதக் கடைசியில் வந்து, கிண்ணத்தை ஒரு பக்கம் தானும் மறு பக்கம் கெத்சியுமாகப் பிடித்து ஒவ்வொரு வாயாகக் கொண்டுபோய், முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, "இத இப்படியே ஏத்துக்குங்க, எனக்கு இன்னும் ரெண்டு கோயில் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அதுவரை கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்த பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். பெரிய வேதப்புத்தகத்தின் தாளைப் புரட்ட உபதேசியாருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு பிள்ளை நின்றது, அதற்குக் கால் வலித்தால் பிரசங்கம் முடிந்தது. ஆர்மோனியத்தின் துருத்தியைப் பிள்ளை இழுக்க, கட்டையை உபதேசியார் அழுத்த, பாட்டு பிள்ளையின் மூச்சுக்கு ஏற்ப ஓடியும் நின்றும் வந்தது. கூட்டுவதற்கும் இரண்டு பேர், மணிக்கயிற்றை இழுக்கவும் இரண்டு பேர், காணிக்கைப் பையைச் சுமந்து வரிசை வரிசையாகப் போகவும் இரண்டு பேர். பெரியவர்கள் குனிந்து நடக்கப் பழகினார்கள், பிள்ளைகள் எட்டி நடக்கப் பழகினார்கள்.

தபித்தாளுக்கு வாய்த்த ஜோடி கெத்சி. வேறு வழியில்லாமல்தான் வாய்த்தது, மற்றப் பிள்ளைகள் தபித்தாளுக்குப் பயந்தார்கள். கெத்சிக்குப் பயம் என்பது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

"அத்தே, நீங்க ஏன் துடைச்சதையே திரும்பத் துடைக்கிறீங்க?"

"அழுக்கு இருக்கு."

"எனக்குத் தெரியல."

"உனக்குத் தெரியாது. பிடி, விடாத."

"விட்டா என்ன ஆகும்?"

"என் விரல் நசுங்கும்."

கெத்சி அதைக் கேட்டுப் பிடியை இறுக்கினாள், அதன்பிறகு ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை, விடுவதற்கு முன்னால் "விடுறேன் அத்தே" என்று சொல்லிவிட்டுத்தான் விடுவாள். பீடத்துணியை இரண்டு முனையில் பிடித்து மடிக்கும்போது, நடக்கவேண்டிய இடத்தில் குதித்து வந்து, தபித்தாளின் மூக்குக்கு நேரே தன் மூக்கைக் கொண்டுவந்து நிறுத்துவாள். ஒருநாள் அப்படி நின்றபோது தபித்தாள் சிரித்துவிட்டாள். தன் சிரிப்புச் சத்தம் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்ததைக் கேட்டு அவளுக்கே யாரோ வந்துவிட்டதுபோல இருந்தது.

ஆனால் அந்த நிம்மதி நீடிக்கவில்லை, ஏனென்றால் பிள்ளைகள் ஒரே இடத்தில் நிற்கிறவர்கள் அல்லர். அடுத்த வருஷம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தை, பிள்ளைகள் போதவில்லை என்று மூடினார்கள். பள்ளிக்கூடம் மூடியதும் பிள்ளை உள்ள குடும்பங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கத் தொடங்கின. ஒவ்வொரு லாரி இறங்கும்போதும் கோயிலில் ஒரு பொருள் நின்றுபோனது. முதலில் மணி, பிறகு ஆர்மோனியம்.

இறங்காமல் இருந்தவர்களும் வளர்ந்தார்கள். சகரியாவின் மகள் பெனினாள் ஒரு ஞாயிறன்று தகப்பனோடு காணிக்கைப் பையைப் பிடித்தாள், பை வரவில்லை. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. சகரியா மறுபடியும் பிடிக்கச் சொன்னார், மறுபடியும் வரவில்லை. பெனினாள் கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், அதன்பிறகு யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை ஏவவில்லை. வயதுதான் கணக்கு என்று பார்த்தால் அப்படியும் இல்லை. மீசை அரும்பிய ஒருவனுக்கு எல்லாம் எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா வேலைக்கென்று கீழே போய்விட, இரண்டு தம்பிகளுக்கும் சோறு வடித்துப் போட்டுக்கொண்டிருந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு ஒருநாள் எதுவுமே எழும்பாமல் போனது. அந்தப் பெண் அதற்காக அழவில்லை, வீட்டில் உலை வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் பாதியிலேயே போய்விட்டாள்.

கடைசியில் கெத்சி ஒருத்திதான் மிச்சம்.

அப்போதிருந்து ஞாயிறு காலையில் கெத்சி வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவர் அவித்த முட்டை கொண்டுவந்தார், ஒருவர் பிஸ்கட் பாக்கெட், ஒருவர் சளி பிடிக்காமலிருக்கத் தைலம். அவள் இருமினால் சபையே திரும்பிப் பார்த்தது. தாள் புரட்ட அவள், கூட்ட அவள், கிண்ணத்துக்கு அவள், ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே நிறைந்துபோன வாளியை நகர்த்தவும் அவளே. ஒவ்வொரு பெரியவராக அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆராதனை முடியும்போது அவள் கோயிலுக்குள் எஸ்டேட் முழுவதும் நடந்த தூரம் நடந்திருப்பாள். கோயில் வாசல் தூணில் யாரோ அவள் உயரத்துக்குக் கரிக்கோடு போட்டிருந்தார்கள், அவள் உள்ளே வரும்போது கோட்டையும் தலையையும் பார்க்காததுபோலப் பார்த்தார்கள். கோடு இட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு, கிண்ணத்தைத் துலக்க இருவரும் பிடித்தபோது, அது எழும்ப யோசித்தது. எழும்பியது, ஆனால் ஊறிய விறகைத் தூக்குவதுபோல எழும்பியது. தபித்தாள் கெத்சியைப் பார்த்தாள். கெத்சி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் நெற்றியில் பெரிய மனுஷிகளுக்கு வருவதுபோல ஒரு சுருக்கம் இருந்தது.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க அத்தே" என்றாள் கெத்சி.

"நான் ஒண்ணும் பார்க்கலையே."

"பார்த்தீங்க."

அன்று ஆராதனையில் முழங்கால் போட்டபோது தபித்தாளின் வாய் தானாக ஜெபித்தது. ஆண்டவரே, இந்தப் பிள்ளை வளரக்கூடாது, இன்னும் கொஞ்ச காலம் இப்படியே இருக்கட்டும், இவள் வளரக்கூடாது. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவள் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். சுற்றிலும் குனிந்திருந்த தலைகளில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, எல்லா உதடும் ஒரே மாதிரி அசைந்தன, அவை என்ன கேட்கின்றன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கோயில் நிறையப் பெரியவர்கள் ஒரு குழந்தை வளரக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 

அந்த வாரமே எலியேசருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது, பனியன் கம்பெனியில் வண்டி ஓட்ட. வீடு பார்த்தாகிவிட்டது, கெத்சிக்குப் பள்ளிக்கூடமும் சொல்லியாகிவிட்டது. செய்தி தெரிந்த சாயங்காலமே சகரியா ஆட்களைக் கூட்டிக்கொண்டு எலியேசர் வீட்டுக்குப் போனார், தபித்தாளையும் அழைத்துக்கொண்டார். சின்ன முன்னறையில் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். கெத்சியின் அம்மா சுகந்தி கடுங்காப்பி கொடுத்தாள்.

"போகவேண்டாம்னு சொல்ல வரல" என்று சகரியா தொடங்கினார். "நீங்க போங்க, நல்லா சம்பாதிங்க. பிள்ளைய மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க. தபித்தாள் வச்சுக்குவா. சபையே அவளுக்குச் சாப்பாடு போடும், டவுன் ஸ்கூலுக்கு நான் ஜீப்புல அனுப்புறேன். ஆண்டவரோட வேலைக்குக் கொடுத்ததா இருக்கட்டும்."

எலியேசர் தரையைப் பார்த்தான். அவனைப் பத்து வருஷம் மேஸ்திரி அடிக்காமல் காப்பாற்றி, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து டிராக்டரில் ஏற்றியவர் சகரியா. சுகந்தி அடுப்பங்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டு தபித்தாளைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க அக்கா. உங்ககிட்ட விட்டா எனக்குக் கவலையில்ல. ஆனா விடணுமா?"

தபித்தாளுக்கு ஆசை வந்தது. தன் வீட்டின் இரண்டாவது தட்டு, இரண்டாவது கம்பளி, வாசலில் ஒரு சின்னச் செருப்பு, எல்லாம் அவள் கண்முன் வந்துபோனது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சபை வாழ்த்தும், அவளுக்கும் ஒரு பிள்ளை வரும், யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை.

"அவகிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

"சின்னப் பிள்ளைகிட்ட என்ன கேக்குறது" என்றார் சகரியா.

கெத்சி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் உட்கார்ந்திருந்தாள். தபித்தாள் எழுந்து போய் அவள் முன்னால் குந்தினாள்.

"நீ என்னடி சொல்ற?"

 கெத்சி மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்துச் சொன்னாள், அறை சின்னது என்பதால் எல்லாருக்கும் கேட்டது.

"நான் உங்க வீட்டுல இருக்கேன் அத்தே. எனக்கு உங்களப் பிடிக்கும். ஆனா எல்லாரும் என் கையையே பாக்குறாங்க. நான் வந்தா என்னைப் பாக்குறதில்ல, கையத்தான் பாக்குறாங்க. தூக்கத்துல கூட யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நான் போயிட்டா கோயில் நின்னுரும், எனக்குத் தெரியும். அதனால இருக்கேன்."

 தபித்தாள் எழுந்து நின்றாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"இவ போகட்டும்" என்றாள்.

"நீ யோசிச்சுப் பேசு, தபித்தாள்" என்றார் சகரியா.

"யோசிச்சுத்தான் பேசுறேன் அய்யா. போன ஞாயித்துக்கிழமை நாம என்ன ஜெபிச்சோம்னு எனக்குத் தெரியும். நான் ஜெபிச்சது எனக்குத் தெரியும், உங்க வாயையும் பார்த்தேன். இவ கனத்துக்கிட்டு வர்றா. நாமதான் இவமேல ஏறி உக்காந்திருக்கோம். கோயில் நின்னா நிக்கட்டும்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொல்லமுடியாது. சகரியா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனார், மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள், சிலர் தபித்தாளிடம் பல மாதம் பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் எலியேசரின் குடும்பம் காலை பஸ்ஸில் இறங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்த கெத்சி தபித்தாளின் விரலைப் பிடித்திருந்தாள், டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் "விடுறேன் அத்தே" என்று சொல்லிவிட்டு விட்டாள்.

அதன்பிறகு கோயிலில் எதுவும் அசையவில்லை. வேதப்புத்தகம் கெத்சி கடைசியாகப் புரட்டிய பக்கத்தில் திறந்தபடி கிடந்தது, அது வனாந்தரத்தில் நடந்த ஜனங்களின் பெயர்வரிசைப் பக்கம். உபதேசியார் ஞாயிறுதோறும் அந்தப் பெயர்களையே வாசித்து, அந்தப் பெயர்களைப் பற்றியே பிரசங்கம் செய்தார். வீட்டிலிருந்து வேறு புத்தகம் கொண்டுவரலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, இங்கே வந்தால் அதுவும் கனக்கும், இருக்கிறதைப் படித்து முடிக்கிறேன் என்றார். அத்தனை பெயர்களையும் சபை மனப்பாடம் செய்துவிட்டது, பால்காரம்மா தன் கன்றுக்குட்டிக்கு அவற்றில் ஒன்றை வைத்துக் கூப்பிட்டாள். தரையில் தூசி சேர்ந்தது, வாளி நிறைந்து வழிந்து பெஞ்சுகளுக்கு அடியில் ஓடியது, கிண்ணம் துணிக்குக் கீழே இருந்தது. ஆயர் வந்து ஜெபம் மட்டும் செய்துவிட்டுப் போனார். ஜனங்கள் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமல் நெளிந்தார்கள், எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்துவிட்டு வந்தார்கள், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலும் கக்கத்திலும் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. வராமலிருப்பது அதைவிடச் சங்கடமாக இருந்தது.

திருப்பூரிலிருந்து கெத்சி தகப்பனின் போனில் பேசினாள். "நான் வளந்துட்டேன் அத்தே, கவுன் எல்லாம் சின்னதாயிருச்சு" என்றாள். தபித்தாள் சந்தோஷப்பட்டு, போனை வைத்த பிறகு அழுதாள்.

காலியான தொழிலாளர் லைன் வீடுகளுக்கு ஜார்க்கண்டிலிருந்து ஆட்களை எஸ்டேட் கொண்டுவந்து வைத்திருந்தது. கொழுந்து பறிப்பில் தபித்தாளின் பக்கத்து வரிசை, அப்படி வந்த சல்மி என்பவளுடையது. இருவரும் ஒரே மழையில் நனைந்தார்கள், ஒரே அட்டைகளைப் பிய்த்துப் போட்டார்கள், ஆனால் பேசியதில்லை. ஒருநாள் சல்மிதான் தான் கற்ற தமிழில் கேட்டாள்.

"உங்க கோயில் பாட்டு பாதியில நின்னு போகுது. ஏன்?"

தபித்தாள் நடந்ததைச் சொன்னாள். சல்மி அதில் ஆச்சரியப்பட எதுவும் காணவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "நாங்களும் அதே சாமிதான்" என்றாள்.

"தெரியும்."

தெரியும்தான். சல்மியின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கட்டிய சின்னச் சிலுவையை முதல் நாளே அவள் பார்த்திருந்தாள்.

"தெரிஞ்சும் கூப்பிடல."

தபித்தாள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு, "இந்த ஞாயித்துக்கிழமை வாங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

சல்மி நிமிர்ந்தாள். தலைக்கு மேல் போர்த்திய பிளாஸ்டிக் கொங்காணியிலிருந்து தண்ணீர் அவள் முகத்தில் ஒழுகியது.

"கும்பிடக் கூப்பிடுற, வேலைக்குக் கூப்பிடுற?"

 தபித்தாள் அந்த வரிசையை முடித்து, அடுத்த வரிசையில் பாதி தூரம் வந்த பிறகு சொன்னாள்.

"வேலைக்குத்தான் நெனச்சேன். வாயத் தொறந்தப்பதான் அது தப்புன்னு தெரிஞ்சுது. கும்பிட வாங்க. உங்க பிள்ளைகள ஒரு துரும்ப எடுக்கச் சொன்னாலும் நான் விடமாட்டேன்."

சல்மி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆயர் வரும் ஞாயிறன்று வந்தார்கள், சல்மியோடு இன்னும் மூன்று நான்கு குடும்பம், ஈரக் குடைகளும் பிள்ளைகளுமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சகரியா எழுந்து, "இவங்க பாஷை வேற, பழக்கம் வேற, யாரு வரச் சொன்னது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "நான்தான்" என்று தபித்தாள் எழுந்து அவர்களுக்கு இடம் ஒதுக்கினாள். அப்படியே திரும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இந்தப் பிள்ளைகள யாரும் கூப்பிடக்கூடாது. முட்டை, பிஸ்கட் ஒண்ணும் நீட்டக்கூடாது. அதுங்களா வந்தா வரட்டும், வரலைன்னா நாம இப்படியே உக்காந்திருப்போம்."

ஆராதனை தொடங்கியது. உபதேசியார் அதே பெயர்களை வாசித்தார். ஆர்மோனியம் இல்லாமல் பாடிய பாட்டு வழக்கம்போல நடுவில் தளர்ந்தபோது, வந்தவர்கள் தங்கள் பாஷையில் வேறொரு பாட்டைத் தாழ்ந்த குரலில் எடுத்தார்கள், அதற்கு இவர்களுக்கு வார்த்தை தெரியாததால் முனகினார்கள். திருவிருந்து நேரம் வந்தது. ஆயர் பீடத்துக்கு முன்னால் போய் நின்றார். கிண்ணம் துணிக்குக் கீழே இருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

காத்திருந்தார்கள். வந்த பிள்ளைகளில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள், ஒருவன் பெஞ்சுக்கு அடியில் ஓடிய தண்ணீரில் இலையை மிதக்கவிட்டான். சல்மியின் மகள் பூல்மணி, ஆறு வயது இருக்கலாம், பீடத்தையும் ஜனங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே மழைக்குள் போய்விட்டாள். சல்மி தடுக்கவில்லை. ஜன்னல் வழியே பிள்ளை ஒரு தவளையின் பின்னால் குதித்துப் போவது தெரிந்தது. ஆயர் கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே ஜீப் டிரைவர் ஹார்ன் அடித்து ஓய்ந்தான். பின்வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார், பெனினாள் விரல்களைச் சொடுக்கெடுத்தாள், சகரியா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பிள்ளையைக் கூப்பிடும் வார்த்தை பல வாய்களின் நுனிவரை வந்து நின்றது. தபித்தாள் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தகரத்தில் மழை ஒருமுறை பலத்து, ஒருமுறை தணிந்தது.

பூல்மணி திரும்பி வந்தாள். முழங்கால்வரை சேறு, தலைமயிர் கன்னத்தில் ஒட்டியிருந்தது. நடுப்பாதையில் சேற்றுக் காலடி வைத்து நேராகப் பீடத்துக்குப் போனாள், துணியைப் பிடித்து இழுத்தாள், அது வரவில்லை என்றதும் திரும்பி ஜனங்களைப் பார்த்தாள். எதற்கு எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பதுபோல இருந்தது. தபித்தாள் எழுந்து நின்றாள். அவள் கை தன்னை அறியாமல் நீண்டது. பூல்மணி அந்தக் கையைப் பார்த்தாள், அதைச் சுற்றிக்கொண்டு போனாள், ஆண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த சகரியாவிடம் போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள், ஏனென்றால் ஜனங்களில் அவள் உள்ளே வரும்போதே எழுந்து நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

சகரியா இழுபட்டு வந்தார். அவளிடம் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தையும் தெரியவில்லை. அவள் தன் பாஷையில் எதையோ சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள், அவருடைய நீண்ட கால்கள் அவள் காலுக்கு ஏற்பத் தடுமாறின. பீடத்துக்கு வந்ததும் அவள் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து அவரைப் பார்த்தாள். மறு முனை அவருடைய இடுப்புக்கும் கீழே இருந்தது. முழங்கால் வலிக்காரர் அவர், தோட்டத்தில் யாருக்கு முன்னாலும் குனிந்து பழக்கமில்லாதவர். ஒரு கையைப் பீடத்தில் ஊன்றிக்கொண்டு, மெல்ல, அவள் உயரம்வரை குனிந்தார்.